பதினெட்டாம் எண் வீட்டுப் படகு

படகுத் தொழிற்சாலைக் கிடங்கில் பிலோமிக்கு வேலை. வரும் சரக்கைச் சரிபார்ப்பாள். போகும் படகுகளுக்கு முகவரிச் சீட்டு ஒட்டுவாள். அடுத்த மழையில் எந்தத் தெரு மூழ்கும் என்பதை அரசாங்கம் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடும். அவர்களும் சத்தமில்லாமல் படகுக்குப் பதிவு செய்துகொள்வார்கள்.

திங்கட்கிழமை காலை, லாரியில் ஏற்ற நிறுத்தியிருந்த ஆறு பேர் உட்காரும் படகுக்குச் சீட்டை எடுத்தாள். சகாயமாதா தெரு, பதினெட்டாம் எண். அது அவளுடைய வீடு. ஜூன் மாதம்தான் அண்ணன் கஸ்பாரிடமிருந்து வாங்கியிருந்தாள். சீட்டில் பதிவு செய்தவர் பெயர் கஸ்பார் என்றிருந்தது. பதிவு செய்த நாள், மார்ச் நான்கு.

கையுறையைக் கழற்றிவிட்டு அவனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நம்ம தெரு முங்கப்போகுதுன்னு மார்ச்லயே உனக்குத் தெரியுமா?"

"சொல்லியிருந்தா நீ வாங்கியிருப்பியா பிலோமி?" என்றான்.

"என் பிள்ளைங்க கீழ் ரூம்லதான் படுக்குதுங்க."

"அதுக்குத்தான் படகை ரத்து பண்ணாம விட்டேன். உனக்கு உதவும்ல?"

அவள் போனை வைத்தாள். சீட்டில் அவன் பெயரைப் பேனாவால் அழுத்தி அடித்தாள், காகிதம் கிழிந்தது.

லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஏத்தலாமாக்கா? அங்க எறக்கினா வாங்கிக்க யார் இருப்பா?"

"ஏத்துங்க," என்றாள் பிலோமி. "நான்தான் இருப்பேன்."