மூன்றாவது பொத்தான்

"மூண்டாவது பொத்தான உத்துப் பாருங்க சேர். இது பட்டாளத்துப் பொத்தானா, தையக்காரன்ட பொத்தானா?"

றிபாத் இப்படிக் கேட்டதும் கிளெய்டன் சேர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையில் கிடந்த படத்தின் மேல் குனிந்தார். அதை எதிரே நின்ற அஜந்த் கொண்டுவந்திருந்தான். அதில் அவன் அப்பப்பா இராணுவக் கோட்டோடு, இடுப்பு வரைக்கும் தெரியும்படி விறைப்பாக நின்றார். கோட்டில் ஐந்து பொத்தான்கள். மேலே இரண்டும் கீழே இரண்டும் கிரீடம் பொறித்த பித்தளை. நடுவிலிருந்த மூன்றாவது மட்டும் சாதாரணக் கறுப்புப் பொத்தான்.

"கறுப்புத்தான்" என்றார் சேர், சங்கடத்தோடு.

கல்முனையில் போர் வரலாற்றுப் பைத்தியங்கள் ஏழு பேர் இருந்தார்கள். ஞாயிறு பின்னேரங்களில், ஓய்வுபெற்ற ஆசிரியரான கிளெய்டன் சேரின் வீட்டில் கூடுவார்கள். ஒருவராவது துவக்கைத் தொட்டவர் இல்லை. ஆனால் ஜேர்மன் யுத்தத் தாங்கியின் சங்கிலி எத்தனை அங்குல அகலம் என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் கப்பல் மூழ்கியது பத்தரைக்கா பதினொன்றுக்கா என்று சண்டை பிடித்து, மூன்று மாதம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் றிபாத்தும் அஜந்தும்.

மற்றவர்கள் வந்து சேருமுன் தொடங்கிய இன்றைய சண்டை அதைவிடப் பெரிது. அடுத்த சனிக்கிழமை இவர்கள் நடத்தும் கண்காட்சி. 'உலகப் போரில் நம் ஊரார்' என்ற முன்மேசையில் வைப்பதற்கு றிபாத்தின் பாட்டனாரான மூத்தாப்பாவின் படம் ஒன்றுதான் இருந்தது. தங்க விளிம்பு போட்ட முட்டை வட்ட அட்டைக்குள், தொப்பியும் மீசையும் தோளில் படைச்சின்னப் பட்டயமுமாக, நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரியும் சார்ஜன்ட் கச்சிமுகம்மது. றிபாத்தின் கடைக்கே 'சார்ஜன்ட் ஹாட்வெயர்' என்றுதான் பெயர். கடைப் பலகையில் சார்ஜன்டுக்குரிய மூன்று பட்டிகூட வரைந்திருந்தான். ஒரு கிலோ ஆணி வாங்க வருகிறவனும் மூத்தாப்பாவின் பர்மாக் கதையைக் கேட்காமல் மிச்சக்காசு வாங்க முடியாது.

அப்படியிருக்க, மாமி வீட்டு அலுமாரியில் அகப்பட்டது என்று துவாயில் சுற்றிய படத்தோடு அஜந்த் இன்று வந்து நின்றான். வந்தவன் சந்தோஷமாகத்தான் சொன்னான்.

"தோள் பட்டயத்தப் பாருங்க, ரெண்டும் ஒண்டு. எங்கட அப்பப்பாவும் உங்கட மூத்தாப்பாவும் ஒரே படையில இருந்திருக்காங்க. ரெண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்துல வைப்பம்."

அதுதான் றிபாத்துக்கு உச்சந்தலையில் ஏறியது. எண்பது வருடம் ஒற்றையாக நின்ற மனிதருக்குப் பக்கத்தில், நேற்று அலுமாரியிலிருந்து இறங்கி வந்தவரா? அவன் படத்தைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தான். கறுப்புப் பொத்தான் கண்ணில் பட்டதும் இதுவே போதும் என்று பிடித்துக்கொண்டான்.

"இது ஸ்டூடியோக் கோட் சேர். அந்தக் காலத்துப் படக்காரனுகள் ஒரு கோட்டையும் தொப்பியையும் ஆணியில கொழுவி வச்சிரிப்பானுகள். வாறவன் போறவனுக்கெல்லாம் போட்டுவிட்டுப் படம் எடுப்பானுகள். பொத்தான் அறுந்தா கையில கிடைச்சதத் தைப்பானுகள். கறுப்புப் பொத்தானோட ஒருத்தன அணிவகுப்புல நிக்க விடுவாங்களா?"

அஜந்தின் முகம் இருண்டது. அப்பப்பாவின் பட்டாளக் கதையைக் கேட்டுத்தான் தான் வளர்ந்ததாகச் சொன்னான். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையெல்லாம் சரித்திரமாகிவிடாது என்று றிபாத் திருப்பி அடித்தான். பொய்ப்படத்தைத் தூக்கிக்கொண்டு வர வெட்கமில்லையா என்றும் கேட்டான். தேத்தண்ணி ஆறுகிறது என்று சேர் இரண்டு தரம் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை.

"அப்ப உங்கட படத்துக்கு என்ன அத்தாட்சி?" என்றான் அஜந்த். "படை நம்பர் எங்க இருக்கு? காட்டுங்க பாப்பம்."

"காட்டுறன். என்ட மூத்தாப்பாட படம் பொய்யெண்டா கடைப் பலகைய நானே கழட்டுறன். சேர், நீங்கதான் சாட்சி. ஆனா பொய்ப்படம் கொண்டு வந்தவன் அடுத்த ஞாயிறு இந்த வாசல்ல கால் வைக்கப்படாது."

ஹாட்வெயர்க்காரன் அல்லவா, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூட்ரைவர் இருக்கும். கண்காட்சிக்கென்று கொண்டுவந்திருந்த மூத்தாப்பா படத்தின் சட்டத்தைக் குப்புறப் போட்டு ஆணிகளை நெம்பினான். பின்பலகை கழன்று வந்தது. படத்தின் முதுகில் பசைக்கறையைத் தவிர ஒன்றுமில்லை. அஜந்த் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து உறிஞ்சினான். அது றிபாத்தின் எரிச்சலை இன்னும் கூட்டியது.

நம்பர் முன்பக்கம், கீழே இருக்கும், அட்டைதான் மறைக்கிறது என்றான். மூத்தாப்பாவின் காலத்திலிருந்து யாரும் தொடாத அந்த முட்டை வட்ட அட்டையை நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்தான்.

முழுப் படமும் மேசையில் விழுந்தது. மூன்று பேரும் குனிந்தார்கள்.

சார்ஜன்ட் கச்சிமுகம்மது இடுப்பில் கட்டம்போட்ட சாரனோடும் வெறுங்காலோடும் நின்றார். சாரனுக்கு மேலே கோட். கோட்டில் நான்கு பித்தளைப் பொத்தான்கள், நடுவில் ஒரு கறுப்பு.

கிளெய்டன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அஜந்த் தன் அப்பப்பாவின் படத்தை எடுத்து, கச்சிமுகம்மதுக்குப் பக்கத்தில் நேராக வைத்தான்.

"ஒரே படையெண்டு நான் வந்த உடனயே சொன்னன்தானே" என்றான்.