ஆட்டுக்கு ஒரு கேட்

“ஆட்டுக்குத்தான்” என்றார் பாதிவிலைக்காரர், கொஞ்சமும் வாய் கூசாமல்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் ஆடு கிடையாது. குட்டிகூடக் கிடையாது. இருப்பது ஒரே ஒரு காளை.

எதைக் கண்டாலும் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்பவர் என்பதால் தெரு வைத்த பெயர்தான் பாதிவிலைக்காரர். அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் பெருமைதான். கேட் பட்டறைக்கு வரும் வழியெல்லாம் மனைவிக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தார். நம்ம அவசரம் கடைக்காரனுக்குத் தெரியக் கூடாது, நீ வாயத் தொறக்காம நின்னாலே எனக்குப் பெரிய உதவி.

அவளும் வாயைத் திறக்கவில்லை. கைதான் சும்மா இருக்கவில்லை. முந்தானை நுனியை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டாள்.

சுவரோரம் இரும்புக் கேட்டுகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. பாதிவிலைக்காரர் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், வெல்டிங் பிடித்த இடத்தை நகத்தால் சுரண்டினார். கடைசியில் ஒன்றின் அடிக்கம்பியில் காலை வைத்து ஏறியே நின்றுவிட்டார்.

“என்னண்ணே, வளக்கிறது ஆடா, ஆனையா?” கடைக்காரர் சிரித்தார்.

“ரெண்டு கிடா இருக்கு. முட்டுற ஜாதி.”

இல்லாத ஆட்டுக்குக் கொம்பும் முளைத்துவிட்டது.

உள்ளே யாரோ ஒரு கேட்டைத் தரையில் போட்டார்கள். இவள் துள்ளிப்போய்க் கணவர் சட்டையைப் பிடித்தாள்.

அதே சத்தம். மூன்று நாளுக்கு முன், காலையில் கேட்டது.

பழைய கேட்டின் அடிக்கம்பிக்குக் கீழே காளை கொம்பைக் கொடுத்து, பானை மூடியைத் திறப்பதுபோல் தலையைத் தூக்கியது. அவ்வளவுதான். கேட் அப்படியே கீலிலிருந்து கழன்று சாய்ந்தது. இந்தப் பக்கம் மாமனார் தவிட்டு வாளியோடு நின்றிருந்தார்.

மாமனார் ஈரத்தில் வழுக்கி விழுந்தார் என்பது தெருவுக்குச் சொன்ன கதை. காளைக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதாம். வழுக்கி விழுந்தா மூணு விலா எலும்பா முறியும் என்று பார்க்க வந்தவர்கள் கேட்கத்தான் செய்தார்கள். விழுற விதத்துல விழுந்தா முறியும் என்று இவளே சமாளித்தாள். வந்தவர்கள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, நம்பிய முகத்தோடு போனார்கள்.

காளை இப்போது கொட்டகைத் தூணில் இரண்டு கயிற்றில் நிற்கிறது. இன்று காலை பார்த்தபோது ஒரு கயிறு பாதி நைந்திருந்தது.

மாமனார் படுத்துவிட்டதால் தண்ணீர் காட்டுவது இவள் தலையில் விழுந்தது. வாளியைத் தூரத்திலேயே வைத்து நீளக் கழியால் தள்ளிவிடுகிறாள். அது உடனே குடிப்பதில்லை. அவள் வாசற்படி ஏறும்வரை அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஏற்கெனவே வேறு இரண்டு கடைகள் பார்த்தாயிற்று. ஒன்றில் விலை பகல் கொள்ளை. இன்னொன்றில் குழாய் தகரம்போல் மெல்லிசு. கனமான குழாய், நியாயமான விலை இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது இங்கேதான். இந்தக் கடை மட்டும் வேண்டாங்க என்று அவள் கெஞ்சியும் அவர் கேட்கவில்லை.

பேரம் முடிந்தது. பாதிக்குக் கேட்டதும் கடைக்காரர் கோபிக்காமல் சிரித்தார், ஒரு படி இறங்கினார், அதற்குக் கீழே அசையவில்லை. பாதிவிலைக்காரரே தலையாட்டிவிட்டார் என்றால் விலை எவ்வளவு நியாயம் என்று பார்த்துக்கொள்ளலாம். கேட்டும் நல்ல கேட். துருப் பிடிக்காத பூச்சு. பேரப்பிள்ளை காலம்வரை நிற்கும்.

அவள் மட்டும் கீலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூணில் பதிக்கும் முளைகள் இரண்டுமே மேலே பார்த்திருந்தன. கேட்டின் வளையங்களை அவற்றின்மேல் இறக்கினால் வேலை முடிந்தது. மாட்டுவது சுலபம். கீழிருந்து தூக்கினால் கழற்றுவதும் சுலபம்.

பழைய கேட்டும் இப்படித்தான் மாட்டியிருந்தது.

வண்டியில் ஏற்ற ஆள் வந்து ஒரு முனையைப் பிடித்துவிட்டான். அவள் முறுக்கிய முந்தானையைக் கையிலிருந்து விட்டாள்.

“அண்ணே... மேல் முளைய மட்டும் தலைகீழாத் திருப்பி வெச்சுத் தருவீங்களா? அடியிலேருந்து தூக்கினாலும் கழலாத மாதிரி.”

பாதிவிலைக்காரர் அவள் காலை மிதித்தார்.

“அதுக்கென்னம்மா, அரைமணி நேர வேலை. ஆனா ஆடு எங்க கேட்டத் தூக்கப் போவுது? முட்டும், தாண்டும். கொம்பக் குடுத்துத் தூக்குறதுன்னா அது...”

கடைக்காரர் நிறுத்திக்கொண்டார். முகத்திலிருந்த சிரிப்பு போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

மாதக் கடைசியில் அந்தக் காளையை ஓட்டிப்போக முன்பணம் கொடுத்திருப்பவர் இந்தக் கடைக்காரரின் மருமகன். பச்சைப்பிள்ளைகூடக் கயித்தப் புடிச்சு நடத்திட்டுப் போகலாம், அவ்வளவு சாது என்று சொல்லித்தான் பாதிவிலைக்காரர் அதை விற்றிருந்தார். அந்த வீட்டில் பச்சைப்பிள்ளையும் உண்டு. இப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கிறது.

மிதித்த கால் இன்னும் அழுத்தியது.

அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“ரெண்டு கேட் போட்டுடுங்கண்ணே” என்றாள். “இன்னொண்ணு உங்க பொண்ணு வீட்டுக்கு.”