விசில் அடிக்காத குக்கர்

“இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு தம்பி. கறி நல்லா வெந்தாத்தான் தொண்டையில எறங்கும்” என்றார் சவரியார், குக்கரை விட்டுக் கண்ணை எடுக்காமல். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். எதையும் நிமிஷக் கணக்கில்தான் பேசுவார்.

சிவக்குமாரும் குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வேகிறது ஒரு கிலோ மாட்டுக்கறி.

எருமப்பட்டியில் அவன் வீட்டில் மூன்று மாடுகள். மூன்றுக்கும் பேர் உண்டு, மாட்டுப் பொங்கலுக்குப் பொட்டு உண்டு. ஒன்று தீனி எடுக்காவிட்டால் அவன் அம்மா கண்ணாத்தாளும் அன்றைக்குப் பட்டினி. அப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளை, பெண் கேட்டு வந்த பாவத்துக்கு, சூரமங்கலத்தில் பீஃப் ஸ்டூவுக்காகக் காத்திருக்கிறான்.

எல்லாம் ஜெனிட்டா போட்ட உத்தரவு. ஒரே பேங்கில் பக்கத்துப் பக்கத்து சீட், இரண்டு வருஷக் காதல். கேட்கும்போதெல்லாம் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்றே இழுத்தடித்தார் அவள் அப்பா சவரியார்.

“எங்கப்பாவுக்கு உன் சாதி, சம்பளம் எதுவும் பெருசில்ல சிவா” என்றாள் போன வாரம். “எங்க வீட்டுக்கு வந்து பீஃப் சாப்பிட்டுடு. அன்னிக்கே கல்யாணத்துக்குச் சரின்னுடுவாரு. மூஞ்சியச் சுளிச்சே, அதோட முடிஞ்சுது.”

சாதா குக்கராக இருந்தாலாவது விசிலை எண்ணி மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இது ஜெனிட்டா போன மாதம் வாங்கிய கரண்ட் குக்கர். ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்துகொண்டு, முப்பத்து நாலு, முப்பத்து மூன்று என்று சிவப்பு எண்ணை மட்டும் இறக்கிக்கொண்டே இருந்தது. கரண்ட்டாவது போய்த் தொலையக் கூடாதா? வேண்டாத நாளில்தான் அது போகாது.

ஜெனிட்டாவின் அம்மா தெரசம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்கம்மா, சளிங்களா?”

“ஆமா தம்பி… ரெண்டு நாளா.”

ஒரு வழியாக பீப் பீப் என்று சத்தம் வந்தது. மூடியில் கை வைக்கப் போன அப்பாவை ஜெனிட்டா தடுத்தாள். “அப்பா! ஆவி அடங்கி அந்தக் குமிழ் கீழ எறங்கணும். அப்புறம் தேங்காப்பால் ஊத்தி லேசா சூடு காட்டணும்.” கொச்சி ஹாஸ்டலில் மூன்று வருஷம் தங்கிப் படித்தவள். எதையும் முறையாகத்தான் செய்வாள். சிவக்குமாருக்குப் பத்து நிமிஷம் வாய்தா கிடைத்தது.

ஆப்பம் வந்தது. அதன்மேல் வெள்ளை வெளேரென்று ஸ்டூ. உருளைக்கிழங்கு, கேரட், நடுவில் அது.

“கூச்சப்படாம சாப்பிடுங்க தம்பி” என்றார் சவரியார். புருஷனும் பெண்சாதியும் அவன் வாயையே பார்த்தார்கள்.

சிவக்குமார் மனசுக்குள் மூன்று மாடுகளிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டான். கண்ணை மூடினான். போட்டான்.

தொண்டை வரை போனது திரும்பி வரப் பார்த்தது. விடுவானா? தண்ணீரை ஊற்றி உள்ளே தள்ளினான். “பிரமாதமுங்க!” என்றபோது கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

“என்ன தம்பி, காரமா?”

“ஆமாங்க, கொஞ்சம் காரமுங்க.” வெள்ளை ஸ்டூவில் காரம் எங்கிருந்து வரும்? நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று இரண்டாவது ஆப்பமும் போட்டுக்கொண்டான். எதிரே சவரியார் ஒரு துண்டை வாயில் போடுவதும், அரை டம்ளர் தண்ணீர் குடிப்பதும், நெற்றி வியர்வையைத் துடைப்பதுமாக இருந்தார். ரசித்துச் சாப்பிடுகிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டான். தெரசம்மாள் சளிக்கு ஆகாதென்று வெறும் ஆப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஜெனிட்டா மட்டும் தட்டை விட்டுத் தலையையே நிமிர்த்தவில்லை. பாவம், வெட்கம்.

கை கழுவியதும் சவரியார் அவன் தோளில் கை வைத்தார். “எங்களுக்குச் சம்மதம் தம்பி. அப்பா அம்மாவ வரச் சொல்லுங்க, தேதி பேசிடலாம்.”

சிவக்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படிப்பட்ட மனுஷரிடம் போய் நாடகம் ஆடினோமே! மனசு கேட்காமல் போட்டு உடைத்துவிட்டான்.

“ஏனுங் மாமா, உங்ககிட்ட மறைக்கக் கூடாதுங்க. எங்க ஊட்டுல இதையெல்லாம் தொடவே மாட்டோமுங்க. நானு தின்னதே இன்னைக்குத்தான் மொதத் தடவை. இதத் தின்னாத்தான் நீங்க பொண்ணுக் குடுப்பீங்கன்னு ஜெனி சொல்லுச்சுங்க, அதான்…”

தெரசம்மாள் மூக்கிலிருந்த தலைப்பு நழுவியது. “ஐயோ மாதாவே! பீஃப் இல்லாம உங்களுக்குச் சோறே எறங்காதுன்னுல்ல இவ சொன்னா! செஞ்சு போடலன்னா மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டுப் போயிடுவாருன்னு…”

சவரியார் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். “தம்பி, மூணு தலைமுறையா எங்க வீட்டு அடுப்புல ஆடு, கோழி, மீனத் தவிர வேற ஏறினதே இல்ல. உங்க மனசு கோணக் கூடாதுன்னு நாலு துண்டு… நாலு துண்டு முழுங்கினேன்…” தண்ணீர்ச் சொம்பைத் தேடினார்.

மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். ஜெனிட்டா குக்கரையே தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, கரண்டியால் அடி வரைக்கும் துழாவிக்கொண்டிருந்தாள்.

“அப்போ மிச்சம் பூரா எனக்குத்தானே?”