தனி அடுப்பு

ஆளுக்கொரு ஓட்டு என்பதெல்லாம் போய், அதிபரைத் தேர்ந்தெடுக்க அடுப்புக்கொரு ஓட்டு என்று ஆகிவிட்டது, கண்ணுகளா. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களில் எந்தப் பக்கம் ஆள் அதிகமோ, ஓட்டு அந்தப் பக்கம்தான். பூங்கோதையின் புருஷனும் இரண்டு மகன்களும் ஒரு கட்சி. அவள் சொல் எந்தத் தேர்தலிலும் எடுபட்டதில்லை. அலுத்துப்போய் இந்தத் தடவை வாசல் அறையில் தனி அடுப்பு வைத்துவிட்டாள்.

அதைச் சரிபார்க்க அதிகாரி வந்திருந்தபோது, புருஷன் தங்கவேலு காய்ச்சலோடு வந்து நின்றார். "பசங்க கூட்டத்துக்குப் போயிட்டானுங்க, கோதை. ஒரு வாய் ரசம் இருக்கா?"

"அவர் குடிச்சா ஒரே அடுப்புன்னு எழுதிடுவேன்க்கா. உங்க ஓட்டு போயிடும்" என்றார் அதிகாரி.

பூங்கோதை பெருமூச்சு விட்டாள். "எழுதிக்கப்பா" என்று டம்ளரைப் புருஷனிடம் நீட்டினாள்.

தங்கவேலு ஒரு மடக்கு குடித்தார். "உப்பு கம்மி" என்றார்.