வென்டலின் பீர்ப் பெட்டி

அமெரிக்காவின் விஸ்கான்சினில் வீட்டிலேயே காய்ச்சிய பீருக்கான போட்டி. வென்டலின் பீரை ஒரு மடக்கு குடித்த நடுவர் கிளிஃபர்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆஹா! மழையில நனைஞ்ச மண்வாசம்! அடியில ஏதோ உயிரோட்டம் நெளியுது! பரிசு உனக்குத்தான்ப்பா. என்ன ரகசியம்?”

வென்டல் பக்கத்திலிருந்த ஐஸ்பெட்டியைத் தட்டினான்.

“பீருக்கான மால்ட்டை, அதான் முளைகட்டின பார்லியை, இதுலதான் வெந்நீர்ல ஊறவைப்பேன். ஊரெல்லாம் அலைஞ்சு தேடின பெட்டி. மூடிக்குள்ள நுரை அடைச்சு, பித்தளைக் குழாய் மாட்டினேன். சூடு துளிகூட இறங்காது.”

பக்கத்து வீட்டு ஆர்வில் எட்டிப் பார்த்தார்.

“அட, என் கொட்டகையில இருந்து நீ தூக்கிட்டுப் போன பெட்டியாச்சே! தூண்டிலுக்கு மண்புழு இதுலதானே வெச்சிருந்தேன்!”

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது.

“நல்லாத் தேய்ச்சுக் கழுவினேன்!” என்றான் வென்டல் பரிதாபமாக.

கிளிஃபர்ட் முகம் சிவக்க, ஆர்விலின் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார். பரிசு போச்சு என்று பதறி, வென்டலும் பின்னாலேயே ஓடினான்.

வாசலில் கிளிஃபர்ட் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

“அதே மாதிரி இன்னொரு பெட்டி இருக்கா?”

“இருக்கு. உள்ள புழு கிடக்குது, கழுவித் தர்றேன்.”

“ஐயையோ, கழுவிடாதீங்க!”