சுவரில் மாட்டிய முறம்

வரவேற்பறைச் சுவரில், மயில் வரைந்த மூங்கில் முறத்தை அழகுக்காக மாட்டினார்கள். கதவிடுக்கில் நின்ற விளக்குமாறு கேட்டது: "என்னையும் கையாலதானே கட்டினாங்க, தோழா? எனக்கு மட்டும் ஏன் மூலை?"

"நீ வேலைக்காரன். நான் அலங்காரம்," என்றது முறம்.

சில வாரங்களில் சுவரடியில் மூங்கில் தூள் கொட்டியது. விளக்குமாறு அதைக் கூட்டிக்கொண்டே சொன்னது: "உன்னை வண்டு அரிக்குது. சமையலறைக்கு வந்துடு. வெந்தயம் அரைச்சு உன்மேல மெழுகுவாங்க, வண்டு அண்டாது, பிழைச்சுக்குவே. அரிசி புடைக்கணும், அவ்வளவுதான்."

"மெழுகினா மயில் மறைஞ்சிடுமே?"

"மறையும்."

"அப்போ வேண்டாம். வர்ற விருந்தாளியெல்லாம் என் பக்கத்துல நின்னுதான் படம் எடுத்துக்கறாங்க."

விளக்குமாறு வற்புறுத்தவில்லை. தினமும் தூளைக் கூட்டி அள்ளியது. ஆடி மாதம் ஒரு காலையில் மயிலையும் சேர்த்து அள்ளியது.