குட்டிக்கு ஏற்ற வீடு

தத்து கொடுக்கும் அமைப்பிலிருந்து வந்த மேடம், செருப்பைக் கழற்றும்போதே சோதனையை ஆரம்பித்துவிட்டார்.

"குட்டி எங்க தூங்கும்?"

"எங்க ரூம்லயேதான் மேடம். புது மெத்தை!" என்று குழைந்தான் கணவன்.

மேடம் மெத்தையில் ஏறி இரண்டு குதி குதித்துப் பார்த்தார். அடுத்து, பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தார். தலை மாட்டிக்கொண்டது. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு காதைப் பிடித்து இழுத்து மீட்டார்கள்.

"என் தலையே போகுது! குட்டி விழுந்தா என்ன ஆகும்?"

"இன்னைக்கே வலை போட்டுடறோம் மேடம்."

"சேட்டை பண்ணினா அடிப்பீங்களா?"

"ஐயையோ! நாங்க கையே ஓங்க மாட்டோம்!" என்றாள் மனைவி.

சமையலறையிலிருந்து களுக்கென்று சிரிப்புச் சத்தம் வந்தது. மேடம் எட்டிப் பார்த்தார். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மலை மாதிரி குவிந்த பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் இது?"

"எங்க பொண்ணுதான் மேடம். போன வருஷம் தத்தெடுத்தோம்."

"கையில என்னம்மா தழும்பு?"

சிறுமி, தேய்த்துக்கொண்டிருந்த கரண்டியைத் தூக்கிக் காட்டினாள்.

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "கரண்டியால அடிக்கிற வீட்டுக்கு நாய்க்குட்டி குடுக்கவே மாட்டேன்!" என்று விறுவிறுவென வெளியேறினார்.

சிறுமி ஈரக்கையோடு வாசலுக்கு ஓடினாள். "மேடம், அப்ப நான்?"

"அது வேற ஆபீஸ்மா. அவங்க வீட்டுக்கெல்லாம் வர மாட்டாங்க. நாங்க நாய்க்கு மட்டும்தான்."

சிறுமி ஒரு நிமிடம் யோசித்தாள்.

"லொள்" என்றாள்.